கீழே ஓடும் பொடி எழுத்து

பள்ளியில் உயரம் அளக்கிறார்கள். ஒரு பையன் மற்றவர்களை விடக் குள்ளம். அடுத்து அவன் அம்மாவின் வாடிய முகம். அதற்கடுத்து ஒரு டம்ளர் பால், அதில் கரையும் பழுப்புப் பொடி. சத்து பான விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நகரும். பொடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே தாயின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட வேண்டும். அப்பாக்களை இவற்றில் அதிகம் காண முடியாது என்பதும் தற்செயல் அல்ல.

பிறகு வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் வருவார். அவர் டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை, நாமாக நினைத்துக்கொள்கிறோம். ‘நிரூபிக்கப்பட்டது’ என்று குரல் முழங்கும்போது, யாரோடு ஒப்பிட்டு, எத்தனை மாதம் சோதித்து என்ற விவரம் திரையின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஓடி மறையும். தமிழ் விளம்பரத்திலும் அந்த வரி பல நேரம் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

இது விதிமீறல். பொறுப்புத்துறப்பு வாசகம், விளம்பரம் எந்த மொழியில் பெருமை பேசுகிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2022 வழிகாட்டு நெறிகள். ஒரு பொருளைச் சாப்பிட்டால் குழந்தையின் அறிவும் உடல்திறனும் கூடும் என்று அறிவியல் ஆதாரமின்றிச் சொல்லவும் தடை உண்டு.

ஆதாரம் கேட்டால் என்ன ஆகும்? வங்கதேசத்துக்காகத் தயாரித்த ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒன்று 2008இல் பிரிட்டன் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. குழந்தைகள் உயரமாக, வலுவாக, கூர்மையாக வளர்வார்கள் என்ற அதே பல்லவி. ஆதாரம் போதாது என்று அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அதைத் தடுத்தது.

விளம்பரம் வாயே திறக்காத விஷயம் சர்க்கரை. போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவைக் கேள்வி கேட்ட ஒரு வீடியோ 2023இல் பரவியது. நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, வீடியோ நீக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில், 100 கிராமில் 37.4 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரை 32.2 கிராமாகக் குறைந்தது. குறைத்த பிறகும் டப்பாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான். வீட்டில் அதற்கு மேல் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குவது தனிக்கணக்கு. 2024இல் மத்திய அரசு, இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பட்டியலில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது!

எனவே டப்பாவைத் திருப்பி, ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியை முதலில் படிக்கலாம். விளம்பரம் ஏமாற்றுகிறது என்று தோன்றினால் அதைச் செல்போனில் பதிவுசெய்து, சேனல், தேதி, நேரம் குறித்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆட்சியரிடமும் எழுதிக் கொடுக்கலாம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் பட்டா மனுவோடு இதையும் நீட்டினால் யாரும் மறுக்க முடியாது. பொய் விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. உரிய விசாரணையின்றிப் பரிந்துரைத்து நடித்த நட்சத்திரத்துக்கும் அபராதம் உண்டு. ஓராண்டு வரை வேறு எந்தப் பொருளையும் பரிந்துரைக்க முடியாதபடி தடையும் விதிக்கலாம்.