புடைத்த மார்பும் வளைந்த எஃகுப் பட்டையும்

வட இந்தியப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏப்ரல் மாத வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மறுத்தான். தோள்களைக் குறுக்கி, நூல்களை நெஞ்சோடு அணைத்தபடியே நடப்பான். அதனைப் பிடிவாதம் என்றே முதலில் எண்ணினேன். அவனுடைய மார்பின் நடுப்பகுதி முன்னோக்கிப் புடைத்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். பெற்றோரிடமும் அவன் அதனைக் காட்டியதில்லை.

இந்நிலையை மருத்துவர்கள் 'பெக்டஸ் கரினேட்டம்' என்பர். 'கரினா' என்னும் இலத்தீன் சொல் கப்பலின் ஏராவை, அதாவது அடிமரத்தைக் குறிக்கும். பறவைகளின் மார்பெலும்பும் அவ்வடிவிலேயே முன்னோக்கி நீண்டிருப்பதால், வழக்கில் இதனைப் 'புறா மார்பு' என்றும் கூறுவர். விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகள் அளவுக்கு மீறி வளர்ந்து, மார்பெலும்பை முன்னே தள்ளுகின்றன. உடல் விரைந்து வளரும் பதின்பருவத்தில்தான் புடைப்பு பெரும்பாலும் வெளிப்படும். பெண்களைவிட ஆண்களிடம் இது மிகுதி. சிலருக்கு ஓடும்போது மூச்சிரைப்போ மார்பு வலியோ தோன்றலாம். ஆயினும் பலரை வருத்துவது நாணமே.

முன்னாளில் இதற்கு இருந்த வழி பேரறுவை ஒன்றே. அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிட்ச் குழிந்த மார்புக்கென 1949இல் விவரித்த முறையைப் பின்னர்ப் புடைத்த மார்புக்கும் கையாண்டனர். மார்பின் முன்புறத்தைத் திறந்து, கோணிய குருத்தெலும்புகளை வெட்டி நீக்கி, மார்பெலும்பையும் வெட்டி நேராக்குவர். பயன் உண்டு, ஆனால் நெஞ்சின் நடுவே தழும்பு நிலைத்துவிடும். ஒரு குறையை மறைக்க முயன்றவனுக்கு மறைக்க மற்றொன்று சேர்ந்தது போலத்தான்!

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள நார்ஃபோக் நகரில் டொனால்ட் நஸ் என்னும் குழந்தை அறுவை மருத்துவர் வேறு வகையாகச் சிந்தித்தார். சிறுவர்களின் மார்புக்கூடு வளையும் தன்மையது. கோணிய பற்களைக் கம்பியிட்டு நேராக்குகின்றோம். அவ்வாறே மார்பையும் வெட்டாமல் நேராக்கலாகாதா? வளைந்த எஃகுப் பட்டையொன்றை மார்பெலும்பின் பின்னே செலுத்தி, குழிந்த மார்பை அவர் முன்னே உயர்த்தினார். 1987இல் தொடங்கிய இம்முறையின் பத்தாண்டுப் பட்டறிவை 1998இல் வெளியிட்டார்.

புடைத்த மார்புக்கு இதனைத் திருப்பிப் போட்டவர் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரத்து மருத்துவர் ஒராசியோ ஆப்ராம்சன். 2005இல் அவருடைய முதல் அறிக்கை வெளிவந்தது. மார்பின் இரு பக்கங்களிலும் சிறு வெட்டுகள் மட்டுமே இடுவர். அவற்றின் வழியாக, தசைக்கு அடியில், மார்பெலும்பின் முன்புறமாகப் பட்டையைச் செலுத்துவர். இருபுறமும் விலா எலும்புகளோடு எஃகுக் கம்பியால் கட்டிய சிறு தகடுகள் இருக்கும். மார்பெலும்பை உள்ளே அழுத்திய நிலையில், பட்டையின் முனைகளை அத்தகடுகளில் திருகாணியால் பிணைப்பர். பட்டை ஏறத்தாழ ஈராண்டுகளோ அதற்கு மேலோ உடலுக்குள் இருக்கும். அக்காலத்தில் எலும்பும் குருத்தெலும்பும் புதிய வடிவிற்குப் பழகிவிடும். அதன்பின் மற்றொரு சிறு அறுவையால் பட்டையை எடுத்துவிடுவர்.

சிறு வெட்டு என்பதனால் இதனைச் சிறு செயலாகக் கருதிவிடலாகாது. வலி உண்டு, தொற்று வரலாம், கம்பி அறுந்து பட்டை இடம் பெயரலாம், நுரையீரலைச் சூழ்ந்த இடத்தில் காற்றுப் புகலாம். பட்டை உள்ளே இருக்கும் காலத்தில் மோதி ஆடும் விளையாட்டுகளைத் தவிர்த்தல் வேண்டும். மார்பு இறுகிப்போனவர்களுக்கு இம்முறை பொருந்தாமலும் போகலாம். ஆகவேதான் மருத்துவர் முதலில் உள்ளங்கையால் புடைப்பை அழுத்திப் பார்ப்பார். அழுத்தத்திற்கு இணங்கும் இளமார்புக்கு, வெளியிலிருந்து அழுத்தும் கவசமே பல வேளைகளில் போதுமானது. ஆனால் அதனை நாள்தோறும் பல மணி நேரம், பல மாதங்கள் அணிய வேண்டும். சிறுவனின் பொறுமைதான் அங்கே பாதி மருந்து.

அம்மாணவனின் தந்தையை அழைத்துப் பேசினேன். மகனின் மார்பை அவர் பல ஆண்டுகளாகப் பார்த்ததே இல்லை. நெடுநேரம் வாய் திறவாது அமர்ந்திருந்தார். மருத்துவர் அழுத்திப் பார்த்தபோது மார்பு இணங்கியது. அறுவை தேவைப்படவில்லை. பள்ளி முடிந்ததும் கவசத்தை அணிந்து, மறுநாள் காலையில் கழற்றிவிட்டு வருவான். அடுத்த ஏப்ரலில் புடைப்பு முற்றிலும் மறைந்திருக்கவில்லை. ஆயினும் கம்பளிச் சட்டையின்றி விளையாட்டு வகுப்பிற்குச் சென்றான்.