மரம் நட்டால் பறவைக்கு நல்லதுதானே? 'எப்போதும் இல்லை' என்கிறது ஹவுரா ஏரி

சென்னையில் இருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் போனவர்கள் சாந்த்ராகாச்சி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஹவுரா மாவட்டத்தில் இருக்கும் இந்த ஸ்டேஷனை ஒட்டியே, ரயில்வேக்குச் சொந்தமான ஏரி ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. பெரும்பாலானவை சீழ்க்கைச்சிறகி வாத்துகள்.

ஏரியில் என்ன வேலை நடக்கிறது?

பறவைகள் வருவதற்கு முன்பு, நீரை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையை அகற்றுகிறார்கள். ஆனால் மொத்தமாக வழித்தெடுப்பதில்லை. நடுவில் சில திட்டுகளை விட்டுவிடுகிறார்கள்.

சீழ்க்கைச்சிறகிகள் பெரும்பாலும் இரவில்தான் இரை தேடும். பகலில் ஓய்வெடுக்க அந்தத் திட்டுகள் வேண்டும், வந்து இறங்கவும் நீந்தவும் திறந்த நீர் வேண்டும். முழுக்க மூடினாலும் சிக்கல், முழுக்கத் துடைத்தாலும் சிக்கல்.

கழிவுநீர் சேரச் சேர ஆகாயத்தாமரை இன்னும் வேகமாக வளரும். அதனால்தான் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கும் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

புல்வெளிக்கும் இதே கணக்கா?

ஆமாம். வாத்துக்குத் திறந்த நீர் எப்படியோ, உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகளுக்குக் குட்டைப் புல்வெளி அப்படி. 'கரைப்பறவை' என்றாலும் இவை கடற்கரையில் மட்டும் இருப்பதில்லை. சைபீரியாவில் இருந்து வரும் பொன்னிற உப்புக்கொத்தி, சேற்றுநிலத்தோடு புல்வெளியிலும் மேயும்.

அது இரை பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நாலடி ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், சட்டென்று கொத்தும். எல்லாமே கண்பார்வையை நம்பித்தான். புல் உயர்ந்துவிட்டால் பூச்சியும் தெரியாது, பதுங்கி வரும் எதிரியும் தெரியாது.

திரும்பிப் போகும் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணத்துக்கு உடலில் கொழுப்பு சேர்க்க வேண்டிய காலமும் இதுதான். பயந்து பயந்து பறந்துகொண்டே இருந்தால் சேர்த்த கொழுப்பு இங்கேயே செலவாகிவிடும்.

வெட்டவெளி எப்படிக் காணாமல் போகிறது?

கட்டடங்கள் ஒரு காரணம். ஹவுராவில் இருந்து ஆற்றைக் கடந்து கிழக்கே போனால், ஐடி அலுவலகங்கள் நிறைந்த ராஜர்ஹாட் நியூ டவுன். வயல்களும் நீர்நிலைகளுமாக இருந்த பகுதி அது. மிச்சமிருக்கும் புல்வெளிகளில்தான் பறவை ஆர்வலர்கள் பைனாகுலரோடு நிற்கிறார்கள்.

இன்னொரு காரணம் சத்தமில்லாமல் நடப்பது. மேய்ச்சல் நின்றால் புல் உயரும், பிறகு புதர் ஏறும். நம்ம கோடியக்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் சரணாலயமாகவும் 2002-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே வெளிமான்கள் மேயும் புல்வெளியில் சீமைக்கருவேலம் பரவியது. வேலி போட்டுப் பாதுகாத்தால் மட்டும் போதாது, வேரோடு பிடுங்கும் வேலையும் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதற்கு அது உதாரணம். இத்தகைய அந்நிய தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு கொள்கை ஒன்றை வெளியிட்டது.

மூன்றாவது காரணம் நம் நல்லெண்ணம். 'சும்மா கிடக்கிற இடம்தானே' என்று புல்வெளியில் மரக்கன்றுகளை நட்டுவிடுகிறோம். ஆனால் மரம் வளர்ந்தால் வெட்டவெளிப் பறவை அங்கே இறங்காது. வேட்டையாடும் பறவைகளுக்கு உட்கார்ந்து நோட்டம் விட இடம் கிடைத்துவிடுமே!

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் ஆபீஸில் மரம் நடும் நிகழ்ச்சி என்றால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த இடம் இப்போது யாருக்கு வீடு? குளிர்காலத்தில் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். பார்த்த பறவைகளை ஈபேர்ட் செயலியில் பதிவு செய்யுங்கள். ஜனவரி தோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேரலாம்.

'தரிசு' என்று அதிகாரிகள் எழுதிவைத்த நிலத்துக்கு, 'இங்கே இத்தனை பறவைகள் இருக்கின்றன' என்ற பதிவு ஓர் ஆதாரம். அந்த ஆதாரம் இல்லாவிட்டால், காலி மனை என்ற பெயர்தான் அதற்கு நிலைக்கும்.