வேலைத் தேடலில் நிராகரிப்பும் மனச்சோர்வும்: பணி கிடைக்கும் வரை சிகிச்சை காத்திருக்கலாமா?

படித்து முடித்து வேலை தேடும் பிள்ளை நாள்கணக்கில் அறைக்குள் முடங்கிக் கிடக்கும்போது, இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலும் சொல்லப்படும் ஆறுதல் ஒன்றுதான்: "ஒரு வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." அது வெறும் மனவருத்தமாக இருந்தால் இந்தச் சொல் பலிக்கக்கூடும். மனச்சோர்வு நோயாக முற்றியிருந்தால், வேலையைப் பெறுவதற்குத் தேவையான ஆற்றலையே அந்நோய் முதலில் பறித்துவிடுகிறது.

ஒரு தேர்வில் தோற்றவர் சில நாள்கள் வருந்துவது இயல்பு. ஆனால் இரண்டு வாரங்களுக்கும் மேலாக, நாளின் பெரும்பகுதி துயரமோ எதிலும் பிடிப்பின்மையோ நீடித்து, அதனுடன் தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவையும் குலைந்தால் அதை நோயாகக் கருதி மருத்துவரை அணுக வேண்டும். வேலை தேடுபவரிடம் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். விண்ணப்பத்தின் கடைசி நாள் கைநழுவிப் போகிறது. நேர்காணலில் தெரிந்த விடைகூட நாவுக்கு வருவதில்லை, குரல் தாழ்கிறது. எதிரே இருப்பவர் அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்கிறார். மீண்டும் ஒரு நிராகரிப்பு, மேலும் ஆழமான சோர்வு.

நிராகரிப்பு என்பது எந்த அளவுக்குத் தனிமனிதத் தகுதியைப் பற்றியது என்பதையும் பார்க்க வேண்டும். ரயில்வே தேர்வு வாரியங்கள் 2019-ஆம் ஆண்டு தொழில்நுட்பம் சாராத பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது, சுமார் 35 ஆயிரம் இடங்களுக்கு ஏறத்தாழ 1.25 கோடி பேர் விண்ணப்பித்தனர். அதாவது ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல். இத்தகைய போட்டியில் தேர்வாகாமல் போவதுதான் பொதுவிதி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம் மட்டுமே. கல்விக் கடனும் பெற்றோரின் சேமிப்பும் கரைந்த வீட்டில் இந்த எண்கள் எவ்வளவு கனக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மனச்சோர்வு இந்தக் கணக்கைப் பார்க்க விடுவதில்லை. 'இந்தப் பணி கிடைக்கவில்லை' என்ற செய்தி, 'நான் எதற்கும் பயனற்றவன்' என்ற தீர்ப்பாக மனத்தில் பதிகிறது. பல தனியார் நிறுவனங்கள் நிராகரிப்பைக்கூடத் தெரிவிப்பதில்லை. பதிலே வராத மௌனத்தைச் சோர்ந்த மனம் தன் குறைகளாலேயே நிரப்பிக்கொள்கிறது. ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புவது நிறுவனங்களுக்குப் பெரிய செலவன்று.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களில் தொடங்கி, வேலை இழந்தோருக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கினர். பின்னர் ஐந்து அரைநாள் அமர்வுகளாக நடத்தப்பட்ட அதில், வேலை தேடும் முறைகளுடன் நிராகரிப்பை எதிர்கொள்வதும் முன்கூட்டியே பயிற்றுவிக்கப்பட்டது. எந்த இடத்தில் தடை வரலாம், வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதைப் பங்கேற்பாளர்களே பேசி முடிவு செய்தனர். மனச்சோர்வுக்கு ஆளாகும் அபாயம் அதிகம் இருந்தவர்களுக்கே இது கூடுதலாகப் பயன்பட்டது.

இதை வீட்டிலும் ஓரளவு கடைப்பிடிக்கலாம். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, அது பாதகமானால் மறுநாள் காலை என்ன செய்வது, யாரிடம் பேசுவது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். கிடைத்த வேலையைக் கொண்டன்றி, அந்த வாரம் அனுப்பிய விண்ணப்பங்களைக் கொண்டு உழைப்பை அளவிடலாம்; முடிவு பிறர் கையில், விண்ணப்பம் தம் கையில். நாள் முழுவதும் வேலைவாய்ப்புத் தளங்களையே பார்த்துக்கொண்டிராமல் அதற்கென நேரம் ஒதுக்கி, எஞ்சிய பொழுதில் நடைப்பயிற்சி, சமையல் என ஏதேனும் ஒரு சிறு செயலில் ஈடுபடுவது நல்லது. ஊக்கம் வந்த பிறகு செயல்படலாம் என்று காத்திருப்பதைவிட, சிறு செயலின் வழியே ஊக்கத்தை மீட்பது உளவியல் சிகிச்சையிலும் பின்பற்றப்படும் முறை. "ஏதாவது பதில் வந்ததா?" என்று பெற்றோர் நாள்தோறும் கேட்பதைத் தவிர்த்தாலே வீட்டில் பாதிச் சுமை இறங்கும்.

ஆனால் நோய் முற்றிய நிலையில் இவை சிகிச்சைக்கு மாற்றாகா. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், வேலை கிடைக்கும் வரை தள்ளிப்போடுவது அந்த வாரங்களையும் வீணாக்குவதாகும். சற்றுத் தெளிந்ததும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் கூடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநலக் கோளாறு உடையவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை எனத் தெரியவந்தது. சிகிச்சை பெற்றது வெளியே தெரிந்தால் வேலையும் திருமணமும் தடைபடும் என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆவது பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது. அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறும் உரிமையை 18-ஆவது பிரிவு உறுதி செய்கிறது. வருமானமின்றி வேலை தேடுவோர் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல், அருகில் இருப்பவரிடம் சொல்லி உடனே உதவி பெற வேண்டும். அந்நிலையில் இருப்பவரைக் குடும்பத்தினர் தனியே விடக்கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தொடர்புகொண்டு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஆலோசகருடன் பேசலாம்.