இப்பியும் வெள்ளியும்

திரிபுக் காட்சிக்கு எடுத்துக்காட்டாக, இப்பியை வெள்ளியென்று காண்பதைத் தருக்கநூலார் கூறுவர். இப்பி மின்னுகின்றது, வெள்ளியும் மின்னும், ஆகவே இது வெள்ளியென மனம் துணிந்துவிடுகின்றது. கடல்மணலை ஆராயும் விஞ்ஞானக்கூடங்களில் இப்பழைய உதாரணம் இன்று மீண்டும் உயிர்பெற்றிருக்கின்றது. தமிழாசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

ஐந்து மில்லிமீற்றரிலும் சிறிய பிளாத்திக்குத் துணிக்கைகளை நுண்பிளாத்திக்கு என்பர். பிளிமத் பல்கலைக்கழகத்து றிச்சாட் தொம்சன் முதலானோர் 2004இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே அப்பெயர் பரவலாயிற்று. தமிழகத்தார் பிளாத்திக்கை நெகிழி என்கின்றனர். வெயிலில் நெகிழுந்தன்மையை இழந்து நொறுங்குவதனாலன்றோ அது துணிக்கையாகின்றது! நொறுங்குவதை நெகிழியென்று சொல்ல என் நா எழவில்லை.

வெண்மணலிடையே வெண்துணிக்கையைப் பொறுக்கி எண்ணுதல் அரிது. இதற்குத் துணைபுரிவது நைல் சிவப்பு என்னும் சாயம். நைல் நீலம் என்ற சாயத்தைச் சல்பூரிக்கமிலத்துடன் கொதிக்கவைத்து அதனைப் பெறலாம். உயிர்க்கலங்களிலுள்ள கொழுப்பைக் காண்பதற்கு முன்னரே பயன்பட்டது அது. நீரை விலக்கி நெய்ப்பசையை நாடுவது அதன் இயல்பு. பிளாத்திக்கும் நீரை விலக்கும் பொருளாதலின் அதிலும் சென்று படிகின்றது. படிந்தபின் நீல ஒளியைப் பாய்ச்சிச் செம்மஞ்சள் வடிகண்ணாடியூடாக நோக்கினால், இருளில் விண்மீன்கள்போலத் துணிக்கைகள் சுடர்விடும். மணலினின்று அவற்றைப் பிரித்தெடுக்க அடர்த்திமிக்க நாகக்குளோரைட்டுக் கரைசல் உதவுகின்றது. மணல் தாழும், பிளாத்திக்கு மிதக்கும். 2017இல் இங்கிலாந்தில் இருவேறு குழுவினர் இச்சாயமுறையை விளக்கி எழுதினர். அவருள் ஒரு சாரார், பிளிமத்துக்கு அப்பாலுள்ள கடலில் ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் மிகுந்திருத்தலைக் கண்டனர்.

இனித் திரிபுக்கு வருவோம். இச்சாயம் பிளாத்திக்கை இனங்கண்டு பற்றுவதன்று. கூனியின் ஓடும், பாசியின் கொழுப்பும், மரத்துகளும் அதனாற் சுடர்தலுண்டு. ஆகையால் ஐதரசன் பரவொட்சைட்டு முதலியவற்றால் உயிர்ப்பொருளை முன்னதாகச் சிதைத்து நீக்குவர். மறுதலையான பிழையும் உண்டு. வாகனச் சில்லினின்று தேயும் கரிய இறப்பர்த் துகள் ஒளிர்வதில்லை. ஆடையினின்று கழலும் பொலியெசுத்தர் இழை மங்கலாகவே ஒளிரும். முன்னையது இப்பியை வெள்ளியெனல். பின்னையது வெள்ளியை இப்பியென்று எறிதல். இரண்டனுள் பின்னையதையே யான் அஞ்சுகின்றேன்.

காரணம் தொலைவிலில்லை. 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூனில் அமிழ்ந்த எக்ஸ்பிரஸ் பேள் கப்பல் சுமார் 1,680 தொன் பிளாத்திக்கு மணிகளைச் சுமந்திருந்தது. மேற்குக் கரையில் ஒதுங்கிய வெண்மணிகளைக் கண்ணாற் கண்டோம், கையால் அள்ளினர். தீயிற் கரிந்து கறுத்த கட்டிகளும் அவற்றோடு கலந்திருந்தன. அவையெல்லாம் நொறுங்கிக் கண்ணுக்கு மறையும்போது சாயமே கண்ணாக வேண்டும். கரிந்த துகளோ அக்கண்ணுக்கும் தப்பக்கூடும். ஒளிரவில்லை, ஆதலால் இல்லை என்று எவரேனும் அறிக்கை எழுதிவிட்டால் கரைவலை இழுப்போர் யாரிடம் முறையிடுவர்?

ஐயந்தீர, ஒளிர்ந்தவற்றுட் சிலவற்றையேனும் செங்கீழ்க் கதிராலோ, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமன் 1928இற் கண்ட ஒளிச்சிதறலாலோ சோதித்தல் வேண்டும். சாயம் மலிவு, அக்கருவிகளோ விலைமிக்கவை. ஆகவே, கடற்கரைத் துணிக்கைக் கணக்கொன்று வெளிவரும்போது என் மாணவரை இரண்டு வினாக்கள் கேட்கச் சொல்வேன். ஓடும் கொழுப்பும் முன்னரே நீக்கப்பட்டனவா? ஒளிர்ந்தவற்றுள் எத்தனை வேறொரு கருவியாற் சோதிக்கப்பட்டன? கறுத்தவற்றை எவரேனும் தேடினரா என்பதையும் உடன்சேர்த்துக் கேட்கலாம்.