ரத்தத்திலிருந்து மாத்திரையை எடுக்க முடியுமா?

வேங்கிக்காலில் உங்கள் எதிர்வீட்டு மாமாவுக்குச் சில மாதங்களுக்கு முன் இருதயக் குழாயில் 'ஸ்டென்ட்' வைத்தார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ரத்தம் கட்டாமலிருக்க டிகாக்ரெலார் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. திடீரென்று ஒருநாள் மார்வலி. "உடனே பைபாஸ் ஆபரேஷன்" என்கிறார் டாக்டர். "ஐயோ, காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டேனே!" என்கிறாள் மாமி.

மாமியின் பதற்றம் நியாயமானதே. ரத்தத்தைக் கட்டவிடாத மருந்து, கத்தி பட்ட இடத்திலும் அதை நிற்க விடாது. சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் ஆபரேஷன். காத்திருக்க நேரமில்லாவிட்டால்?

பாட்டி வீட்டில் மணலும் கரியும் போட்டுப் பானையில் தண்ணீர் வடிகட்டியதைப் பார்த்திருப்பீர்கள். மணல் தூசியைத் தடுக்கும். வாடையோ கரியின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதே தந்திரம்தான் இங்கும். கரிக்குப் பதில், கசகசாவைவிடச் சிறிய பிளாஸ்டிக் வகை மணிகள். மணிக்குள் எண்ணற்ற துளைகள். ஒரு குப்பி மணிகளின் பரப்பை விரித்தால் 40,000 சதுர மீட்டர், ஏறக்குறையப் பத்து ஏக்கர்! (வேங்கிக்காலில் பத்து ஏக்கர் என்ன விலை என்று கேட்காதீர்கள்.) ஆபரேஷனின்போது ரத்தம் இக்குப்பி வழியே ஓடித் திரும்பும். மருந்து துளைக்குள் ஒட்டும். ரத்த அணுக்கள் நுழைய முடியாமல் தாண்டிப் போய்விடும். டயாலிசிஸ் இதற்கு உதவாது. மருந்து ரத்தப் புரதத்தைப் பற்றிக் கொண்டிருப்பதால் அந்தச் சல்லடையில் இறங்காது.

எல்லா மாத்திரைக்கும் இது பலிக்காது. டிகாக்ரெலார் ரத்தத் தட்டணுவில் வாடகைக்குக் குடியிருக்கிறது, காலி செய்துவிடும். குளோபிடோக்ரெலோ, ஆஸ்பிரினோ புகுந்தால் அந்த அணு இருக்கும்வரை விடாது.

'சைட்டோசார்ப்' என்னும் இக்கருவியை 2013-ல் பெங்களூர் பயோகான் கம்பெனி இந்தியாவுக்குக் கொண்டுவர ஒப்பந்தம் செய்தது. 2019-ல் ஹாம்பர்க் டாக்டர்கள், அவசர இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 55 பேரைப் பற்றி எழுதினார்கள். கருவி பொருத்தியவர்களுக்கு ரத்தப்போக்கு குறைவு. 2020-ல் ஐரோப்பா அனுமதித்தது. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 140 பேரிடம் சோதித்தபோது, ஒட்டுமொத்தமாகப் பலன் நிரூபணமாகவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது.

ஆகவே இன்றும் டாக்டர் முதலில் கேட்பது, மாமி சொன்னதைத்தான்: எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு? அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பயந்துபோய் நீங்களாக ஒருவேளைகூட நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும்.