சுவரில் ஏறும் ஓதம்... நெஞ்சில் ஏறும் இழுப்பு!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பல வீடுகளில் சுவர் இரண்டு, மூன்று அடிக்குக் கறுத்து, பெயிண்ட் பொரிந்து, உப்புப் பூத்து நிற்கும். "ஓதம் அடிக்குது" என்று பீரோவை நகர்த்தி மறைத்துவிடுவோம். மறைத்தால் போச்சா? பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம் அமோகமாக வளரும். ராத்திரியெல்லாம் அதைச் சுவாசிப்பது அந்த அறையில் படுக்கும் குழந்தையும் பாட்டியும்தான். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் பிள்ளைக்கு இருமல் வருகிறதா? டாக்டரிடம் வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

நம் ஊரில் பேஸ்மென்ட் என்றால் பாதாள அறை இல்லை. வீட்டைத் தூக்கி நிறுத்தும் பேஸ்மட்டம். பழைய வீடுகளுக்குத் திண்ணையும் நாலைந்து படியும் வைத்தது அழகுக்கு மட்டுமல்ல. இப்போது ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்து, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது! பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் வேலை ஆரம்பிக்கும்போதே இதைக் கேளுங்கள். போட்டு முடித்த பிறகு பேசி என்ன புண்ணியம்?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சுலப வழி. கறுத்த இடத்தைத் துணியால் துடைத்து, ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குள்ளே முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை; ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகிவிடும்.

சுவருக்குள் ஈரம் என்றால் உடனே டைல்ஸ் ஒட்டாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறும். காசும் போச்சு! முதலில் வெளியே போய்ப் பாருங்கள். மாடித் தண்ணீர் சுவரடியில் கொட்டுகிறதா? பைப்பை நீட்டித் தள்ளி விடுங்கள். வீட்டைச் சுற்றித் தரை வெளிப்பக்கம் சரிய வேண்டும். பத்தடிக்கு அரையடி சரிவு போதும். மழைநீர்க் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள். கரிசல் மண்ணாக இருந்தால் இதில் கூடுதல் கவனம் தேவை. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சுவரும் கூடவே விரிசல் விடும். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு தயார் என்பது தனிக் கதை.

புது வீடு கட்டுபவர்கள் பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போடச் சொல்லிக் கொத்தனார் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இருக்கிற பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வறட்டு பிரஷ் போட்டால் தூள் வீடு முழுக்கப் பறக்கும். இழுப்பு உள்ளவர்களை அந்த வேலைக்கு விடவே வேண்டாம்.