ஒரு சாண் மேலே, நாற்பது சாண் கீழே

அனலைதீவில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டால் செம்பை நீட்டும்போதே, "இது நல்ல தண்ணிக் கிணறு, பயப்பிடாமல் குடியுங்கோ" என்று சொல்லித்தான் தருவார்கள். சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு கிணற்றுத் தண்ணீர் வாய் கொப்புளிக்கவும் உதவாத சவராக இருக்கும். ஊர்காவற்றுறையில் படகேறி வந்து இறங்குபவருக்கு இது விளங்காத புதிர். சுற்றிவரக் கடல். மலையில்லை, ஆறில்லை. காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதுவும் பஞ்சுபோல ஓட்டை ஓட்டையானது. அந்தக் கல்லுக்குள் கடல் நீர் தாராளமாக வந்து போகலாம். அப்படியிருக்க, நடுவே குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது?

இந்தப் புதிரை எனக்குத் திரும்ப நினைவூட்டியவன் ஒரு பொடியன். பின்னேரம் உதைபந்தாட்டம் முடிந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவன், "அண்ணை, சென்னைக்கு ஒரு கிளப் தொடங்கி ரெண்டாம் வருசமே கப் எடுத்திட்டுது. எங்களுக்கு மட்டும் ஏன் ஏலாது?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொல்ல நினைத்த பதில் அவன் தண்ணீர் அள்ளிய அந்தக் கிணற்றுக்குள்ளேயே இருந்தது.

முதலில் கிணறு. ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் எடை. அதே அளவு கடல் நீர் ஏறத்தாழ 1025 கிராம். வித்தியாசம் 25 கிராம், ஒரு பிடி உப்பின் பாரம். இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் தீவின் உயிர் தங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை கல்லுக்குள் ஊறி இறங்கும்போது, கீழே ஏற்கெனவே நிற்கும் பாரமான கடல் நீரை முற்றாகத் தள்ளிவிட அதனால் முடியாது. அதன்மேல் மிதக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு அமிழ்ந்து மிதக்கும் என்பதற்குக் கணக்கு எளிது. 40 சாண் உயரக் கடல் நீரும் 41 சாண் உயர நன்னீரும் ஒரே பாரம். ஆகவே கிணற்றில் நன்னீர் கடல் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது சாண் வரை நன்னீர் இறங்கியிருக்க வேண்டும். தீவின் நடுவில் தடித்து, கரையை நோக்கி மெலிந்து, ஒரு வில்லையின் வடிவில் அது கிடக்கிறது. நல்ல தண்ணிக் கிணறுகள் நடுவிலும் சவர்க் கிணறுகள் கரையோரமுமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். நிலத்தடியில் கல்லும் வெடிப்பும் இடத்துக்கிடம் மாறுவதால் கணக்கு அங்கங்கே கொஞ்சம் பிசகும்.

இந்தக் கணக்கை எழுதி வைத்தவர்களில் ஒருவர் பாடோன் கைபன் என்ற ஒல்லாந்துப் படைப் பொறியாளர். ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே கிணறு துளைக்கும் திட்டம் ஒன்றுக்காக 1888-89 இல் அவர் எழுதிய குறிப்பில் இது வருகிறது. 1901 இல், வடகடல் தீவொன்றின் குடிநீரை ஆராய்ந்த ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தாமாகவே இதைக் கண்டார். நம் தீவகத்தை ஆண்ட காலத்தில் ஒல்லாந்தர் காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும் அனலைதீவுக்கு றொட்டர்டாம் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். அந்த ஆம்ஸ்டர்டாமின் கிணற்றுக் கணக்கு இந்த றொட்டர்டாமின் கிணற்றுக்கும் அப்படியே பொருந்துவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இந்தக் கணக்கில் பயங்கரமான பக்கமும் உண்டு. இயந்திரம் வைத்து இறைத்து மேலே ஒரு சாண் குறைத்தால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது சாண் எழும்பி வரும். மேலே பார்ப்பவருக்குக் கொஞ்சம் வற்றியதுபோலத்தான் தெரியும். ஒருநாள் காலையில் வாளியில் சவர் வரும். பிறகு அந்தக் கிணறு மீள எத்தனையோ மாரி வேண்டும்.

இனிச் சென்னைக்கு வருவோம்.

இந்தியன் சூப்பர் லீக் 2014 இல் தொடங்கியபோது சென்னைக்கென்று பிறந்தது 'சென்னையின் எஃப்.சி.' அபிஷேக் பச்சனும் மகேந்திர சிங் தோனியும் உரிமையாளர்களில் இருவர். உலகக் கிண்ணம் வென்ற இத்தாலியர் மார்க்கோ மற்றராஸி பயிற்றுநர். பிரேசிலின் எலானோ முதல் பருவத்தில் 8 கோல் அடித்து அதிக கோலுக்கான விருதைப் பெற்றார். அணி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கேரளத்திடம் தோற்றது.

அடுத்த ஆண்டுக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. பருவத்தின் பாதி தாண்டியும் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அந்த நேரம் பார்த்துச் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 87 ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியது. 90 ஆவது நிமிடத்தில் கோவாவின் பந்துக் காப்பாளர் கையில் பட்ட பந்து அவர்களுடைய கோலுக்குள்ளேயே போய்ச் சமநிலை. 90 நிமிடத்துக்குப் பிறகு கூட்டிய நிமிடங்களில் கொலம்பியாவின் மென்டோசா அடித்தார், 3-2. பிறந்து இரண்டாம் ஆண்டில் கிண்ணம். பொடியன் சொன்னது உண்மைதான்.

ஆனால் அடுத்த பருவத்தில் நடந்ததை அவன் சொல்லவில்லை. எட்டு அணிகளில் ஏழாம் இடம். எலானோ, மற்றராஸி, மென்டோசா போன்றவர்கள் மழை. மழையில்லாமல் கிணறு இல்லை. ஆனாலும் பெய்வதில் பெரும் பங்கு கடலுக்கு ஓடிவிடும், வெயிலில் ஆவியாகிவிடும். மண்ணுக்குள் இறங்கும் பங்குதான் அடுத்த கோடைக்கு உதவும்.

சென்னையில் அப்படி நீர் ஏற்கெனவே ஊறியிருந்த இடங்களில் ஒன்று வடசென்னையின் வியாசர்பாடி. கூலி வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பந்து உதைக்கும் இடம் அது. பத்திரிகைகள் அதைக் 'குட்டி பிரேசில்' என்று எழுதும். சென்னையின் எஃப்.சி. பிறக்கும் முன்பே அங்கே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அந்த மண்ணில் வளர்ந்தவர் தனபால் கணேஷ். 2018 மார்ச் 13 அன்று, சென்னை நேரு விளையாட்டரங்கில், கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். 3-0. அப்போது அவருக்கு 23 வயது. அந்த 23 வயதுக்குப் பின்னால், புழுதியில் பந்தைத் துரத்திய ஒரு முழுப் பிள்ளைப் பருவம் இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் இறுதி ஆட்டம். 9 ஆவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி அடித்துப் பெங்களூரை முன்னே கொண்டுபோனார். பிறகு நடந்ததை விளக்கப் பௌதிகம் வேண்டும். சென்னைக்குக் கிடைத்த இரண்டு மூலை உதைகளை ஒல்லாந்துக்காரரான கிரெகரி நெல்சன் அடித்தார். இரண்டையும் பிரேசிலின் மைல்சன் ஆல்வெஸ் தலையால் கோலாக்கினார்.

மூலைக் கொடியிலிருந்து கோல் வாசல் ஏறத்தாழ 30 மீற்றர். பந்தின் எடை 410 முதல் 450 கிராம். காலும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் உதைப்பவர் பந்தின் நடுவிலிருந்து சற்று விலகி வெட்டி உதைத்தால் பந்து சுழலும். சுழலும் பந்து தன்னை ஒட்டிய மெல்லிய காற்றுப் படையையும் கூட இழுத்துச் சுழற்றும். பந்தின் ஒரு பக்கத்தில் அந்தச் சுழற்சி எதிரே வரும் காற்றோடு ஒத்துப்போகும், மறுபக்கத்தில் மோதும். அதனால் பந்தின் பின்னால் விடுபடும் காற்று நேரே போகாமல் ஒரு பக்கமாகத் திரும்பும். பந்து காற்றை இடப்பக்கம் தள்ளினால் காற்று பந்தை வலப்பக்கம் தள்ளும். பந்து வளைகிறது. டென்னிஸ் பந்து இப்படி வளைவதை நியூட்டன் 17 ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார். 1852 இல் இதை ஆராய்ந்த ஜெர்மானியர் மக்னஸின் பெயரே விளைவுக்கு நிலைத்தது. சில மீற்றர் வளையும் அந்தப் பந்து எங்கே இறங்கும் என்று எதிரணிக் காவலர் கணக்கிடுவதற்குள் ஆல்வெஸ் அங்கே எழும்பியிருந்தார்.

நெல்சனுக்கு இந்தச் சமன்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய கணுக்காலுக்குத் தெரியும். ஒரு பிள்ளை எட்டு வயதில் தொடங்கி ஆயிரக்கணக்கான தடவை தவறாக உதைத்து, காற்றைப் பார்த்து, மறுபடி உதைத்துத்தான் கணுக்காலுக்கு அது வந்து சேரும். காற்றைப் பற்றி அனலைதீவுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சோளகத்தில் எந்தக் கோலுக்கு அடித்தால் பந்து எங்கே போகும் என்று பத்து வயதுப் பிள்ளையே சொல்லும்.

ரஃபேல் ஒகஸ்ரோ மூன்றாவது கோலை அடிக்க, 3-2 என்று சென்னை இரண்டாம் தடவை கிண்ணம் எடுத்தது. சரியாக அடுத்த பருவத்தில் அதே சம்பியன் அணி பத்து அணிகளில் பத்தாவது. 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளி. அந்த நிலையிலேயே 2019 மார்ச்சில் ஆசியக் கழகங்களின் கிண்ணத்துக்கான தகுதி ஆட்டத்தில் கொழும்பு எஃப்.சி.யைச் சந்தித்தார்கள். கொழும்பில் 0-0. அகமதாபாத்தில் ஜெஜே அடித்த ஒரே கோலில் சென்னை தப்பியது. நம் நாட்டுக் கழகமொன்று அவ்வளவு நெருங்கிப் போனது எனக்குப் பெருமையாக இருந்தது. சென்னையோ மீண்டது. 2020 இல் மூன்றாவது தடவை இறுதிக்கு வந்து, கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் கொல்கத்தாவிடம் தோற்றது.

மீளாத கதையும் தமிழ்நாட்டிலேயே உண்டு. அதே 2018-19 பருவத்தில், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, இந்தியாவின் மற்றொரு லீக்கான ஐ-லீக்கில் சம்பியனானது. உருகுவேயின் பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்தார். நாடே திரும்பிப் பார்த்தது. 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது அந்த அணி பட்டியலில் இல்லை. சம்பியனாகி மூன்றே ஆண்டு. மேலே தெரியும் ஒரு சாணைப் பார்த்து மயங்குவது எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு உணர்த்தியது அந்தக் கழகத்தின் மறைவுதான்.

உண்மையான றொட்டர்டாமில் நிலைத்து நிற்கும் கழகம் எப்படி உருவானது? ஃபெயனூர்ட் கழகம் 1908 இல் பிறந்தது. ஒல்லாந்தில் சம்பளத்துக்கு ஆடும் உதைபந்தாட்டம் வந்ததே 1954 இல். 1970 இல் மிலான் நகரில் செல்டிக்கை 2-1 என வென்று ஐரோப்பியக் கிண்ணம் எடுத்த முதல் ஒல்லாந்துக் கழகமானது. பிறந்து 62 ஆண்டு. அந்த ஊரில் ஸ்பார்ட்டா, எக்செல்சியர் என்று இன்னும் இரண்டு தொழில்முறைக் கழகங்கள் உண்டு. றொபின் வான் பெர்சி போன்றவர்கள் எக்செல்சியரில் சிறுவர்களாகத் தொடங்கி ஃபெயனூர்ட்டுக்குப் போனவர்கள். ஒரே நிலத்தடி நீர்தான், மூன்று கிணறு.

இலங்கையில் 2021 இல் முதல் தொழில்முறை லீக்காகச் சூப்பர் லீக் தொடங்கியது. பத்துக் கழகங்கள். களுத்துறையின் புளூ ஸ்ரார் சம்பியனானது. அந்தப் பத்தில் வடக்கிலிருந்து ஒரு கழகமும் இல்லை. குருநகரிலும் மன்னாரின் கரையோர ஊர்களிலும் பந்து உதைக்கும் பொடியளைப் பார்த்தவர் எவரும் அதைத் திறமைக் குறைவு என்று சொல்லமாட்டார். தீவகத்தில் போர் பெருந்தொகையானோரைக் கிளப்பிவிட்டது. மழை வேறு மண்ணில் பெய்கிறது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2024 இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்காகக் களமிறங்கினார் என்ற செய்தி வந்தபோது மகிழ்ந்தேன். அதே கையோடு, இங்கே பதினான்கு வயதில் பந்தை விட்டுவிட்டுத் தொழிலுக்குப் போன பிள்ளைகளையும் நினைத்தேன்.

பொடியனிடம் நான் சொன்னது இதுதான்: "ஏலும் தம்பி. ஆனால் கப்பிலயிருந்து தொடங்க ஏலாது." அவன் யோசித்துவிட்டு, "அப்ப எங்கயிருந்து?" என்றான். அவனுக்கு முழுப் பதிலைத் தர வேண்டியவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர். ஆண்டுதோறும் நீங்கள் அனுப்பும் பணத்தில் சுற்றுப்போட்டி நடக்கிறது, கிண்ணம் வருகிறது, பெயர் பொறித்த சட்டை வருகிறது. அதற்கு நன்றி. இந்த ஆண்டு அதில் ஒரு பங்கைப் பிரித்துப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு என்று வையுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருபாலாருக்கும். வாரத்தில் மூன்று நாள் அவர்களோடு நிற்க ஒரு பயிற்றுநர், ஆளுக்கொரு பந்து, கிழமைக்கு ஒருமுறை ஊர்காவற்றுறைக்குப் போய் ஆடிவிட்டு வரப் படகுக் கூலி. பத்து ஆண்டுக்கு விடாமல் கொடுங்கள்.